வெறுங்கால் வேதவள்ளி

9 ஜூன் 2012, சனி

மறுபடியும் முட்டி. மைதானத்தில் ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றில் பாதிகூட வரவில்லை. வலது முட்டி பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஜூன் மாதத்துக் குளிர்கால ஈரப் புல்லில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஆக்லாந்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? பின்பக்கம் சொட்டச் சொட்ட, த்ரீ கிங்ஸ் கடைகளைத் தாண்டி நடந்து வந்தேன். தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

காலில் போட்டிருந்த சப்பாத்தைக் குறை சொல்லவும் முடியாது. கடையில் என்னை ஓடும் இயந்திரத்தில் ஏற்றி, காலைப் படம் பிடித்து, பெரிய ஆராய்ச்சியெல்லாம் செய்துதான் கொடுத்தார்கள். குதிகாலுக்கு அடியில் இரண்டு இட்லி உயரத்துக்கு மெத்தை. மெத்தைமேல் ஓடியும் முட்டி வலித்தால் எங்கே போய்ச் சொல்வது?

ராஜூ (வாயால் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எழுதும்போது சொன்னால் தப்பில்லை) ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தந்தார். டாக்டர் நடந்தால் போதும் என்றுதானே சொன்னார் என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நடந்தால் போதாது. சீதாக்காவும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

12 ஜூன்

ஸ்கைப்பில் சீதாக்கா. மலேசியாவில், எங்கள் கிள்ளானில் மழையாம், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை போர்த்தியிருக்கிறாளாம். அதைக் குளிர் என்கிறாள்.

அவளுடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு கொப்புளம். அவ்வளவுதான், அதில் தொடங்கியது. அப்பாவுக்குச் சர்க்கரை, அவளுக்குச் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை இல்லாமல் எல்லாருக்கும் கிடைத்த சொத்து. அவள் காலை எடுத்த வாரம்தான் நான் முதன்முதலாக ஓடினேன். தெருமுனை டெய்ரிக் கடை வரைக்கும் ஓடி, அங்கே வாசலில் வாந்தி எடுத்தேன். இப்போது என் சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டர் கை கொடுத்தார். ஓட்டம் நின்றால் அது ஏறும். ஏறினால்—

முட்டி வலியைச் சொன்னேன். "புதுச் சப்பாத்து வாங்கினா பழசுல ஒத்தையை எனக்கு அனுப்பு. வலது கால்" என்றாள். அவளால் மட்டும்தான் அதைச் சொல்லிச் சிரிக்க முடியும். நானும் சிரித்தேன். கணினியை மூடியபிறகு அழுதேன்.

23 ஜூன்

என் மகன் ஷர்வின் எனக்குப் பாடம் எடுத்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், படிப்பது கணக்கியல், ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சோபாவில் என்னை உட்காரவைத்து ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ காட்டினான். மெத்தைச் சப்பாத்தில் குதிகால் முதலில் இறங்குகிறதாம், அந்த அடி நேராக முட்டிக்குப் போகிறதாம். வெறுங்காலில் ஓடினால் முன்பாதம் முதலில் இறங்கும், அடி பாதியாகக் குறையும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். அவன் வாயில் மிச்சமிருக்கும் ஒரே தமிழ்ச் சொல் அம்மா.

"அம்மா, ஜஸ்ட் டிரை இட்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய அதிர்ச்சியே வெறுங்கால்தான். சூப்பர்மார்க்கெட்டில் நல்ல சட்டை போட்ட பெரிய மனிதர் பால் வாங்க நிற்பார், காலில் ஒன்றும் இருக்காது. தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் மழையிலும் வெறுங்காலோடு ஓடும். நான் ஷர்வினுக்குக் காலுறை, சப்பாத்து எல்லாம் மாட்டி அனுப்புவேன். அவன் அதைப் பள்ளிக்கூட வாசல் செடிக்குள் ஒளித்துவைத்துவிட்டு மற்றவர்களோடு ஓடுவான். எத்தனை அடி வாங்கியிருக்கிறான்! இன்றைக்கு அவன் எனக்குச் சப்பாத்தைக் கழற்றக் கற்றுக்கொடுக்கிறான். பழி தீர்க்கிறான் படவா.

30 ஜூன்

ஓடினேன்! வெறுங்காலோடு, புல்லில். முதல் பத்து அடி ஐஸ் பெட்டிக்குள் காலை விட்டதுபோல் இருந்தது. பிறகு ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு கல்லும் தன் பேரைச் சொல்லிவிட்டுப் போயின. ஐயோ ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். நாயோடு நடந்துபோன ஒரு கிழவர் "குட் ஆன் யா" என்று பாராட்டினார்.

ஆனால் முட்டி வலிக்கவில்லை. வலிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். ராஜூ என்ன தொலைந்துபோனது என்று கேட்டார்.

14 ஜூலை

கார்ன்வால் பார்க்கில் ஓடினேன். ஆட்டுப் புழுக்கை. இதைப் பற்றி ஷர்வினின் வீடியோக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5 ஆகஸ்ட், ஞாயிறு

எனக்குப் பிறந்தநாள். ஷர்வின் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் எனக்குப் பரிசு வாங்கியிருக்கிறான். சப்பாத்து. சப்பாத்து என்றா அதைச் சொல்வது? கறுப்பு ரப்பரில், விரலுக்கு ஒரு பையாக, காலுக்குக் கையுறை. அடிப்பகுதி சப்பாத்தி அளவுகூடத் தடிமன் இல்லை. வெறுங்காலில் ஓடுவதுபோலவும் ஆகும், நடைபாதையில் கண்ணாடி குத்தாமலும் இருக்கும் என்றான். அம்மாவின் காலை நினைத்து ஒரு பொருள் வாங்கியிருக்கிறானே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மாட்டத்தான் முடியவில்லை. பெருவிரல் உள்ளே போனால் சுண்டுவிரல் வெளியே வரும். ராஜூ பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கடைசியில்தான் எது தடை என்று தெரிந்தது. மெட்டி. இரண்டாவது விரலில் இரண்டு சுற்று வெள்ளி. அது போகிற அகலத்துக்கு அந்த விரல்பை இல்லை.

கழற்றிவிட்டால் போச்சு என்று சோப்புப் போட்டு இழுத்தேன். கல்யாணத்தன்று போட்டது, கழற்றியதே இல்லை. இடது கால் மெட்டி வழுக்கி வந்தது. நிமிர்ந்தால், ராஜூ என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குக் கிள்ளானில், அம்மியில் என் காலைத் தூக்கிவைத்து மெட்டி போட வந்தார். எனக்குக் கூச்சம் தாங்காமல் காலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். மெட்டி உருண்டு ஐயர் மடியில் விழுந்தது. இரண்டு குடும்பமும் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை. அதற்குப் பிறகு அவர் என் காலைத் தொட்டதே இல்லை. எதற்குத் தொடப்போகிறார்?

மெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு கழற்ற மனசு வரவில்லை. எண்ணெய் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெட்டியோடேயே விரலைப் பைக்குள் தள்ளினேன். போய்விட்டது. கொஞ்சம் இறுக்கம். ரப்பர்தானே, விரிந்துகொடுக்கும்.

8 ஆகஸ்ட்

மதியம் அலுவலகத்தைச் சுற்றி நடக்க அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். மரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தச் சரக்குக் கம்பெனியில் நான் சம்பளக் கணக்கு, அவள் சரக்கு அனுப்பும் பிரிவு. மன்னார்க்காரி, வாய்க்குப் பூட்டில்லை.

"உது என்ன, குரங்கின்ர கால் மாதிரிக் கிடக்கு? உம்மட மனுசன் உதோட வீட்டுக்குள்ள விடுறவரோ?"

சாயங்காலத்துக்குள் எனக்கு வெறுங்கால் வேதவள்ளி என்று பேர் வைத்துவிட்டாள். கிடங்கில் வேலை செய்யும் சமோவாப் பையன்களுக்குக்கூட அந்தப் பேரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

26 ஆகஸ்ட்

முன்பைவிட இரண்டு மடங்கு தூரம். முட்டி இருப்பதே தெரியவில்லை. மார்ச்சில் நடக்கும் ரவுண்ட் த பேஸ் ஓட்டத்துக்கு அலுவலகக் குழுவில் பேர் கொடுத்துவிட்டேன். மரியநாயகியும் கொடுத்திருக்கிறாள், நடப்பதற்காம்.

11 செப்டம்பர்

கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை பாதத்தைப் பார்ப்பார்களாம், போன வருடமும் நான் போகவில்லையாம். அவர் சொன்ன தேதி சம்பள நாள் என்றேன். அது உண்மைதான். வேறு நாள் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். அது உண்மை இல்லை.

அக்காவுக்கு அப்படித்தான் தொடங்கியது. சும்மா ஒரு தடவை பார்க்கிறோம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

என் கால் ஓடுகிற கால். ஓடுகிற காலுக்கு என்ன சோதனை?

22 செப்டம்பர்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆகவேண்டும். மைதானத்துக்குப் போகும் வழியில் சிவப்பு எரிமலைக் கல் கொட்டிய பாதை ஒன்று இருக்கிறது. ஜூலையில் அதைக் குதித்துக் குதித்துக் கடந்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. இன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதே பாதையில் நடந்தேன். ஒன்றுமே செய்யவில்லை! பிறகு ஓடியும் பார்த்தேன். கம்பளத்தில் போவதுபோல் போய்விட்டேன்.

கால் பழகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் என் கால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஷர்வினிடம் சொன்னேன், கட்டிப்பிடித்துக்கொண்டான். அக்காவுக்குச் சொல்லவில்லை. அவளிடம் போய்க் காலைப் பற்றிப் பெருமை பேசுவதா?

1 அக்டோபர்

வேடிக்கை. அலுவலகத்தில் காரை விட்டு இறங்கி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபிறகு பார்த்தால், இடது காலில் செருப்பு இல்லை. கார் நிறுத்துமிடத்தில் தனியாகக் கிடந்ததாம், மரியநாயகி விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்தாள். "வெறுங்கால் பழகிப் பழகி இப்ப செருப்பே வேண்டாமெண்டு விட்டீரோ?" எல்லாரும் சிரித்தோம்.

13 அக்டோபர்

ஓடிவிட்டு வந்து வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்தேன். கையை விட்டுப் பார்த்த ராஜூ வெடுக்கென்று எடுத்தார். "வேதா, தண்ணி கொதிக்குதுலா" என்றார். எனக்கு இதமாகத்தான் இருந்தது. ஆண்களுக்கு எதையும் தாங்க முடியாது.

20 அக்டோபர், சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்னமோ.

நவராத்திரி பூஜை. பாபடோயிட்டோயில் வழக்கமாக எடுக்கும் ஹால். காலையில் ஓடிவிட்டு, குளித்து, அந்த அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். செருப்பை வாசலில் விட்டோம். வெளிர்நிறத் தரை, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். நான் சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் அம்மன் படத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு பெண் ஈரத்துணியோடு குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ குங்குமத்தைச் சிந்திவிட்டார்கள் என்றாள். ஆமாம், சின்னச் சின்னதாகச் சிவப்பு. அம்மன் குங்குமமாயிற்றே, மிதிக்கக்கூடாது என்று நானும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். விலகிப்போன இடத்திலும் சிவப்பு இருந்தது. சமையலறை வாசலில் இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்தில், நான் நின்ற இடத்தில், கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. யார் இப்படிச் சிந்துவது என்று கோபம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் நடந்த வழியெல்லாம் வந்திருந்தது. என் பின்னாலேயே.

புடவையைத் தூக்கினேன். இடது கால் இரண்டாவது விரல். விரலா அது? மெட்டி தெரியவில்லை, சதைக்குள்ளே போயிருந்தது. அடியில் பிளந்து, கறுப்பும் மஞ்சளுமாய்—

வலிக்கலையே. ஏன் வலிக்கல? இவ்ளோ பெரிய புண்ணு, எனக்கு ஏன் வலிக்கல?

ராஜூவைக் கூப்பிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன் போலிருக்கிறது. ஹாலே திரும்பிப் பார்த்தது.

21 அக்டோபர்

மருத்துவமனை. மெட்டியைச் சின்னச் சக்கரம் வைத்து அறுத்தார்கள். அறுக்கும்போது வலிக்கும், மரத்துப்போக ஊசி போடவா என்று கேட்டுவிட்டு, என் முகத்தில் வலியே இல்லாததைப் பார்த்துவிட்டு, ஊசியில்லாமலே அறுத்து முடித்தார்கள். கையில் நரம்பு வழியாக மருந்து ஏறுகிறது.

பிறகு ஒரு நர்ஸ் வந்தார். தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் தொடுவேன், தொடும்போதெல்லாம் யெஸ் சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். குதிகாலில் ஒன்று, யெஸ். கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒன்று, யெஸ். பிறகு ஒன்றும் இல்லை. விரல்களை எப்போது தொடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

எல்லாம் தொட்டு முடித்துவிட்டேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

22 அக்டோபர்

கால் பழகவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்று, கால் செத்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கொண்டாடியிருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கல் பாதை. கடவுளே, அந்தச் சந்தோஷம்.

24 அக்டோபர்

விஜயதசமி. புண் எலும்பு வரை இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இறங்கியிருந்தால் விரலை எடுக்கவேண்டிவரும், அப்புறம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. டாக்டர் நல்லவர், விரல் மட்டும்தான் என்றார். அக்காவிடமும் முதலில் விரல் மட்டும்தான் என்றார்கள்.

ஷர்வின் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோள் குலுங்கியது. அந்தச் சப்பாத்தை வாங்கியது தான்தான் என்று, ஐ பாட் தெம், ஐ பாட் தெம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சப்பாத்தில் தப்பில்லைடா, மெட்டியோட போட்டது நான்தான் என்றேன். முட்டி வலியைப் போக்கினது அதுதானே என்றேன். அதுவும் உண்மைதான். கேட்டானா தெரியாது. இந்த வயதுப் பிள்ளை அழுதால் பார்க்க முடியவில்லை.

அவன் போனபிறகு ராஜூ மட்டும் இருந்தார். மெட்டியை ஏன் கழற்றவில்லை என்று கேட்டார். உங்கள் முகம், அன்றைக்கு நீங்கள் பார்த்த பார்வை என்றேன். நீங்கள் வருத்தப்பட்டீர்கள், அதனால்தான் திரும்ப மாட்டினேன் என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"மெட்டியை யாரு பார்த்தா? உன் விரலைப் பார்த்தேன். அடியில ரத்தம் கட்டிக் கருத்துக் கிடந்துச்சு. சொன்னா ஓட்டத்தை நிறுத்தச் சொல்றேன்னு சண்டைக்கு வருவே. அதான் பேசாம போயிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவர் மனசை ஒருவர் நோகவைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். இருபத்து மூன்று வருடக் குடும்பத்தின் லட்சணம் இது. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "சொல்லியிருக்கலாம்ல" என்றேன். "நீயும்தான் கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு கீழே போய் எனக்கு மைலோ வாங்கிக்கொண்டு வந்தார், சர்க்கரை போடாமல். குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

27 அக்டோபர்

எலும்பில் இறங்கவில்லை. விரல் இருக்கும்.

இதற்குமேல் இன்றைக்கு எழுத முடியாது.

11 நவம்பர்

அக்காவிடம் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. காய்ச்சல் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஸ்கைப்பில் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திரையில் அசையாமல் இருந்தாள், இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"காலைக் காட்டு" என்றாள்.

ராஜூ கணினியைத் தூக்கிக் கட்டுக்கு நேராகப் பிடித்தார். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். விரல்களுக்கு இடையில் காட்டச் சொன்னாள், குதிகாலைக் காட்டச் சொன்னாள். டாக்டர் தோற்றார். பிறகு என்னிடம் பேசவே இல்லை, நேராக ராஜூவிடம் பேசினாள்.

"தம்பி, தினம் பார்க்கணும். விரல் இடுக்கு, அடிப்பாதம், ஒண்ணு விடாம. அவளைப் பார்க்கச் சொல்லாதீங்க, அவ பொய் சொல்லுவா. நானும் சொன்னேன். என் காலை வீட்டுல யாரும் பார்க்கல."

 சமையல் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். கிள்ளானில் அப்போது விடிந்துகூட இருக்காது.

12 நவம்பர்

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ராஜூ நாற்காலியை இழுத்துப்போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, தொடையில் துண்டை விரித்துத் தட்டினார். வை என்றார்.

வைக்கமாட்டேன் என்றேன். புருஷன் மடியில் காலை வைப்பதா? நர்ஸ் வந்து பார்க்கட்டும், ஷர்வின் பார்க்கட்டும், கண்ணாடி வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சொன்னேன். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். சோறு ஆறுகிறது என்றார்.

வைத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். ரொம்ப வெட்கமாக இருந்தது. வெடிப்பும் கரடும், அந்தக் கட்டும். என் காலை நானே இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

29 டிசம்பர்

கட்டு அவிழ்த்தாயிற்று. இரண்டாவது விரலில் பள்ளமாக ஒரு வளையம், மெட்டி இருந்த தடம். பாத மருத்துவர் புதுச் சப்பாத்து கொடுத்திருக்கிறார். அகலம், ஆழம், மெத்தை. முன்பு இரண்டு இட்லி என்றால் இது மூன்று. வீட்டுக்குள்ளேயும் வெறுங்கால் கூடாது. குளியலறையிலும் கூடாது. கோயிலில் தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாமாம், அம்மனுக்கும் மருத்துவருக்கும் நடுவில் ஒப்பந்தம். ஓடுவதைப் பற்றி மெல்ல மெல்லப் பார்க்கலாம் என்றார். இப்போதைக்கு நடை.

சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

பார்க்கில் எல்லாப் பிள்ளைகளும் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். கோடை விடுமுறை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொறாமைதான். எரிகிறது. அந்த ஜூன் மாதத்து ஈரப் புல்லில், ஒவ்வொரு குச்சியும் குத்திய அன்றைக்குத்தான் எனக்குக் கால் இருந்திருக்கிறது. வலித்ததே, எவ்வளவு நல்லதாக வலித்தது.

19 ஜனவரி 2013

விரல் சப்பாத்தை ஷர்வின் குப்பையில் போடப் போனான். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். பிள்ளை வாங்கிக்கொடுத்தது.

3 பிப்ரவரி

பெருவிரலுக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு. நானாக இருந்தால் பார்த்தே இருக்கமாட்டேன். ராஜூ பார்த்துவிட்டார், மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். சப்பாத்துக்குள் ஒரு மல்லி விதை. முழு நாளும் அதன்மேல் நடந்திருக்கிறேன். இப்போது சப்பாத்து போடுவதற்கு முன்னால் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்ப்பதும் அவர் வேலையாகிவிட்டது.

10 மார்ச் 2013, ஞாயிறு

ரவுண்ட் த பேஸ். ஓடவில்லை, நடந்தேன். மரியநாயகி கூடவே நடந்தாள், வழியெல்லாம் தன் காலணியைத் திட்டிக்கொண்டு. ஷர்வின் முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி எங்களிடம் வந்து, மறுபடி முன்னால் ஓடி, இப்படியே இரண்டு மடங்கு தூரம் ஓடியிருப்பான். ராஜூ தொப்பி போட்டுக்கொண்டு என் இடதுபக்கம். மழையே இல்லாத கோடை, கரையோரப் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலாகக் கிடந்தது. கடல் மட்டும் பச்சை.

செயின்ட் ஹீலியர்ஸ் வந்து சேர்ந்ததும் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவ்வளவு கூட்டம். பாதிப் பேர் காலில் ஒன்றுமில்லாமல் மணலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜூ மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

"இங்கே வேணாங்க" என்றேன். நவராத்திரி ஹாலுக்கு வருகிற இரண்டு குடும்பம் எதிரே ஐஸ்கிரீம் வாங்க நிற்கிறார்கள். தெருவில் என் கையைக்கூடப் பிடித்து நடக்காத மனிதர். அவர் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. புல்லில் மண்டியிட்டு, சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, காலுறையை உருட்டி, இடது காலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டார்.

மரியநாயகி பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. "தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்று எழுந்தாள். அப்படிச் சொல்லிவிட்டும் போகாமல் நின்று, தன் புருஷன் வழியில் எங்கே தொலைந்தார் என்று நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சிரிப்பு. அவள் போனபிறகு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரங்கிடோட்டோ தீவு அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. அடுத்த வருடம் இதில் கொஞ்சமாவது ஓடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் திருப்பம் வரைக்கும் போதும். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"ஓடலாம்" என்றார் கீழேயிருந்து. "நானும் வரேன்."

பார்த்து முடித்தாயிற்றா என்று கேட்டேன்.

"எப்பவோ பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு. சும்மா பிடிச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் என் இரண்டாவது விரலில், மெட்டி இருந்த பள்ளத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. ஐஸ்கிரீம் கடைப்பக்கமிருந்து அந்தக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் காலை இழுக்கவில்லை.